கில்கோரா பஸ்ஸும் எம்.பி.யின் கையும்

கோல்மன் கில்காரிஃப் செத்துப்போன காலையில், அடக்க ஏற்பாடு செய்பவர் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்து கேட்ட முதல் கேள்விக்கே வீட்டில் சண்டை வந்துவிட்டது. ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிக்கிறார்கள் அல்லவா, அதன் கடைசியில் 'வீட்டுக்குக் குடும்பத்தார் மட்டும்' என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டார். இப்போதெல்லாம் நிறையப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள்.

"சேருங்க" என்றாள் கோல்மனின் தங்கை ஃபிலோமினா.

"சேக்காதீங்க" என்றாள் அவர் மனைவி அட்ராக்டா. "வீடு தொறந்திருக்கும். வியாழக்கிழம சாயங்காலம் யார் வேணா வரலாம்னு போடுங்க."

"ஊரே வரும் அட்ராக்டா. நீ இருக்கற நெலமைல தாங்குவியா? ஒடஞ்சு போயிருக்க."

"ஒடஞ்சுதான் போயிருக்கேன். அதுக்காக கதவ சாத்தணுமா?"

ஃபிலோமினாவுக்கு அவள் மனதில் இருந்தது தெரியாது. கட்டிய புருஷன் இன்னும் பெட்டிக்குள் போகவில்லை, அதற்குள் அட்ராக்டா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அல்டன் ப்ரெஹனி வருவான். வந்தால் கையைக் கொடுப்பான். அந்தக் கையை என்ன செய்வது என்பதுதான் அந்த முடிவு.

அல்டன் ப்ரெஹனி அந்தத் தொகுதியின் எம்.பி. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு எம்.பி. கல்யாணத்துக்கு வராமல் இருக்கலாம், டப்ளினில் பாராளுமன்றத்தில் உட்கார்ந்துகொண்டே தூங்கலாம், கேட்பாரில்லை. சாவுக்கு வராமல் இருக்க முடியாது. எங்கள் கால்பந்து அணி ஒரு காலத்தில் கோப்பையோடு ஊர் திரும்பும்போது வழியில் ஒரு சவ ஊர்வலத்தைப் பார்த்தும் இறங்கி மரியாதை செய்யாமல் போய்விட்டதாம். அந்தச் சாபத்தில்தான் எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அடுத்த கோப்பை வரவில்லை என்று ஒரு பேச்சு. கேட்டுப் பாருங்கள், அதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சவ வண்டி வந்தால் அவர்களே காரை ஓரம்கட்டி இறங்கி நிற்பார்கள். அல்டனின் அலுவலகத்திலும் ஒரு பெண் காலையில் முதல் வேலையாக ரேடியோவில் மரண அறிவிப்புகளைத்தான் கேட்பாள்.

அதே ரேடியோவில்தான் கோல்மன் தினமும் பேசினார். காலை நிகழ்ச்சியில் நேயர்கள் போன் செய்து கருத்துச் சொல்லும் நேரம் வந்தால் 'கில்கோரா கோல்மன்' லைனில் இருப்பார். அவருக்குக் கருத்து இல்லாத விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை. ரெஃபரிகள், ரவுண்டானாக்கள், சுகாதார அமைச்சர், வெண்ணெய் விலை, டப்ளின்காரர்கள், இங்கிலாந்து கால்பந்தைப் பார்த்துக் கெட்டுப்போன இளைஞர்கள், வானிலை அறிக்கை. அட்ராக்டா பக்கத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருப்பாள். உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று அறிவிப்பாளர் ஒருமுறை கேட்டதற்கு, "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிடறேன்" என்றார் கோல்மன். ஊரே சிரித்தது. அட்ராக்டாவும்தான் சிரித்தாள்.

கடைசி சில மாதங்களாக அவர் எதில் ஆரம்பித்தாலும் பஸ்ஸில்தான் வந்து முடிப்பார். கில்கோரா நாற்சந்தியில் வாரத்தில் மூன்று நாள் நின்று பட்டணம் போகும் சின்ன பஸ் அது. ஆளே ஏறுவதில்லை, அதனால் அடுத்த மாதத்திலிருந்து வராது என்று சொல்லிவிட்டார்கள். அந்த பஸ்ஸில் தவறாமல் ஏறுகிற ஒரே ஆள் கோல்மன், அட்ராக்டா தம்பதியின் மகன் ஃபின்டன். முப்பது தாண்டியவன், பிறந்ததிலிருந்து டவுன் சிண்ட்ரோம் உள்ளவன். அவனைப் போன்றவர்கள் பகலில் வந்து வேலை செய்யும் மையம் ஒன்று பட்டணத்தில் இருக்கிறது, அங்கே கேன்டீன் அவன் பொறுப்பு. யாருக்கு டீயில் எவ்வளவு பால் என்று அவனைக் கேட்டால் போதும். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட் அவனுடையது. வேறு யாரும் உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே நிற்பான்.

கொரோனாவில் மையத்தை மூடிய மாதங்களை அட்ராக்டா மறக்கவில்லை. ஃபின்டன் தினமும் காலையில் குளித்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னலருகே உட்கார்ந்தான். முதலில் பஸ் எங்கே என்று கேட்டான். பிறகு கேட்பதை நிறுத்தினான். பிறகு பேச்சையே நிறுத்திவிட்டான். மையம் திறந்த பிறகும் அவன் வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் வர வெகு காலம் ஆயிற்று. கோல்மனுக்குக் கண் மங்கிக் கார் ஓட்டுவதை விட்டு நாளாயிற்று. அட்ராக்டா எழுபது வயதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அக்கம்பக்கத்தார் 'எப்ப வேணா கேளு' என்பார்கள். ஒருமுறை கேட்கலாம், இரண்டு முறை கேட்கலாம். வாரம் மூன்று நாள், ஆயுசு முழுக்க, யாரிடம் போய்க் கேட்பது?

ஊர்க்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடையில், மதுக்கடையில், பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் பஸ்ஸுக்காகக் கொதித்தார்கள். வெட்கக்கேடு என்றார்கள், யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்றார்கள். மண்டபத்தில் கூட்டம் போட்டு அல்டனையும் அழைத்தபோது, வந்த ஆட்களைவிட நாற்காலிகள்தான் அதிகம். டி.வி.யில் மேட்ச். வந்தவர்களும் அல்டனின் முகத்துக்கு நேரே வாயைத் திறக்கவில்லை. ஒருவருடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இடம் வாங்கித் தந்தவர் அவர், இன்னொருவர் வீட்டு முன்னால் ரோட்டுக் குழியை மூட வைத்தவர். முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் சிங்கம், முகத்துக்கு நேரே 'எல்லாம் நல்லபடியா இருக்கு அல்டன், உனக்கு எப்படி?' கோல்மன் மட்டும் எழுந்து கத்தினார். எல்லாவற்றுக்கும் கத்துகிறவர் என்பதால் அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அல்டன் கடைசியில் ஒரே வார்த்தை சொன்னார்: "பாக்கறேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. முன்னறையில் திறந்த பெட்டியில் கோல்மன், நல்ல சூட்டில், கையில் ஜெபமாலையோடு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கருத்து எதுவும் இல்லாத முகத்தோடு கிடந்தார். பெட்டிக்கு அருகே வரிசையாக அட்ராக்டா, ஃபின்டன், ஃபிலோமினா. வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கை கொடுத்து, வருத்தம் சொல்லி, பெட்டியருகே ஒரு சிலுவைக் குறி போட்டுவிட்டு, பின்பக்கமாகச் சமையலறைக்குப் போய் டீயும் சாண்ட்விச்சும் எடுத்துக்கொள்வார்கள். ஒருவருக்கு ஒரு குலுக்கல், ஒரு வார்த்தை, அதோடு நகர்ந்துவிட வேண்டும். வரிசை முற்றம் வரை நீண்டு தூறலில் நின்றது.

சமையலறையிலிருந்து வந்த பேச்சைக் கேட்டால் யாரும் சாவு வீடு என்று சொல்ல மாட்டார்கள்.

"அந்த ரெஃபரி கண் டாக்டர்கிட்ட போகணும். ஜெர்சியப் புடிச்சு இழுக்கறான், விசில் எங்க?"

"ரக்பி மட்டும் என்ன வாழுது? பத்து பேர் ஒருத்தன் மேல விழுந்து கெடக்கறாங்க. எங்க வீட்டு மாடிலேர்ந்து சோஃபா எறக்கறப்ப அதே ஆட்டந்தான் நடந்துச்சு."

"சுகாதார அமைச்சர ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தால டிராலில படுக்க வைக்கணும். மறுநாளே கட்டில் வந்துரும்."

"என் பொண்ணு சிட்னில இருக்கா. டப்ளின்ல ஒரு ரூமுக்குக் கேக்கற வாடகையச் சொன்னா அங்க இருக்கறவன் சிரிக்கறானாம்."

இத்தனைக்கும் நடுவில் மோஸி டார்ப்பி மட்டும் சமையலறைக்குப் போகவில்லை. ஊர் மதுக்கடை அவருடையது. கோல்மன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பாட்டுப் பாடிய ஆள். கோல்மன் மழை வரும் என்றால் வராது என்பார். கோல்மன் அல்டனுக்கு ஓட்டுப் போடாதே என்றால் அதற்காகவே போடுவார். இன்று டீக் கோப்பையோடு பெட்டிக்குத் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை.

"நாளைலேர்ந்து நான் யார்கூட சண்ட போடுவேன் அட்ராக்டா?" என்றார். கேலியாகச் சொல்லத்தான் பார்த்தார், சொல்லிவிட்டுக் கோப்பைக்குள் குனிந்துகொண்டார்.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம். வரிசையில் சலசலப்பு. 'முன்னால போங்க அல்டன்' என்று யாரோ வழிவிட, 'ஐயோ, வேணாம், நானும் எல்லார மாதிரிதான்' என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தார் அல்டன் ப்ரெஹனி. கருப்புக் கோட்டு, நனைந்த தலை, அளவான சோகம். வாசலிலிருந்தே வலது கை நீண்டிருந்தது.

"அட்ராக்டா. ரொம்ப வருத்தமா இருக்கு. கோல்மன்னா எனக்கு ரொம்பப் புடிக்கும்."

அந்த எம்.பி.யைக் கோல்மன் ரேடியோவில் திட்டாத வாரம் கிடையாது. மோஸி டீக் கோப்பைக்குள் ஏதோ முனகினார்.

"வந்ததுக்கு நன்றி அல்டன்" என்றாள் அட்ராக்டா.

ஒரு குலுக்கல், ஒரு வார்த்தை, முடிந்தது. அல்டனின் உடம்பு ஃபின்டன் பக்கம் நகர்ந்தது. கை மட்டும் கூட வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செம்மறி ஆடுகளைப் பிடித்து மருந்து ஊட்டிய கைகள் அட்ராக்டாவுடையவை. ஆடு என்ன துள்ளினாலும் மருந்து உள்ளே போகும்வரை விடாத கைகள். இரண்டு கையாலும் அல்டனின் வலது கையைப் பிடித்திருந்தாள்.

"பஸ்" என்றாள்.

"என்ன?"

"பஸ் விஷயம். அடுத்த மாசத்துலேர்ந்து வராதுன்றாங்களே."

"இப்ப அதப்பத்தியெல்லாம் நீங்க கவலப்படக் கூடாது அட்ராக்டா. இன்னிக்கு கோல்மனோட நாள்."

"கோல்மனோட நாள்தான். அவரு கடசியா பேசினதும் அதப்பத்திதான்."

"நான் பாக்கறேன். திங்கக்கிழம மொத வேலயா பாக்கறேன்."

"பாக்கறேன்ற வார்த்தைய நாளைக்கு அவரோட சேத்துப் பொதச்சிடலாம் அல்டன். வேற வார்த்த இருந்தா சொல்லு."

அல்டன் கையை மெல்ல இழுத்துப் பார்த்தார். சுண்டி இழுக்க முடியாது. எதிரே விதவை, பக்கத்தில் பெட்டி, பின்னால் ஓட்டுரிமை உள்ள ஒரு ஊரே நிற்கிறது. முற்றத்தில் வரிசை அப்படியே நின்றுபோயிற்று.

"என்னய்யா, உள்ள ஜெபம் நடக்குதா?"

"இல்ல. அட்ராக்டா அல்டனோட கையப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறா."

"எதுக்கு?"

"பஸ்ஸுக்கு."

"சரி, அப்ப நனஞ்சா பரவால்ல" என்றது ஒரு குரல்.

ஃபிலோமினா முகம் சிவந்து குனிந்தாள். "விடு அட்ராக்டா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். அதுக்குத்தான் கதவத் தொறந்து வச்சேன்."

இத்தனை பேருக்கு முன்னால் அட்ராக்டா இவ்வளவு நீளமாகப் பேசியதே கிடையாது. பயமாகத்தான் இருந்தது. பிடி மட்டும் தளரவில்லை.

அல்டன் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றதக் கேளுங்க. முடிவெடுக்கறது நான் இல்ல, போக்குவரத்து ஆபீஸ். பஸ்ல ஆளே இல்லன்றாங்க. அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?"

"ஃபின்டன் ஆளு இல்லையா?"

கேட்டது மெல்லிய குரலில்தான். சமையலறை வரைக்கும் எட்டியது. டவுன் சிண்ட்ரோம் பையன்களோடு படம் எடுத்துத் தேர்தல் நோட்டீஸில் போட்ட அல்டனுக்குக் காது வரை சிவந்தது. ஃபின்டன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று அல்டன் சுற்றிலும் பார்த்தார். எப்போதும் யாராவது வருவார்கள். 'விடும்மா, அவரு பாவம், எத்தன வேல' என்று ஒரு குரல் எழும். இன்று எல்லோரும் காலடியில் கிடந்த தரைவிரிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண் மோஸியிடம் போய் நின்றது. கோல்மனுக்கு எதிராகப் பேசுவதற்கென்றே பிறந்த ஆளாயிற்றே.

"மோஸி, நீங்களே சொல்லுங்க. இந்த விஷயத்துல கோல்மன் கொஞ்சம் ஓவராத்தான் பேசினாரு, இல்லையா?"

மோஸி எழுந்தார். கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்தார். பெட்டியில் இருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த மனுஷன் சொன்னத நான் ஒருநாளும் ஒத்துக்கிட்டதில்ல" என்றார். "ரெஃபரி விஷயத்துல தப்பு. ரவுண்டானா விஷயத்துல படுதப்பு. சாபம் கெடயாதுன்னு சொல்வான், அதுவும் தப்பு. பஸ் விஷயத்துல அவன் சொன்னது சரி. கூட்டத்துல நான் அவன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லல. உங்கிட்ட கெட்ட பேர் எடுக்கக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன். இப்ப சொல்றேன். போன் பண்ணு அல்டன்."

"இந்த நேரத்துல ஆபீஸ் மூடியிருக்குமே..."

"வீட்டுக்குப் பண்ணுங்க" என்றது வரிசையில் அடுத்து நின்ற கன்செப்டா ராஃப்டரின் குரல். தபால் நிலையம் இருந்த காலத்தில் அதை நடத்தியவள். "ஓட்டு கேக்கறப்ப எங்க வீட்டுக்கெல்லாம் எந்த நேரத்துல பண்ணீங்க? பசங்களத் தூங்க வச்சிட்டிருந்தோம்."

அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவர் "ஆமா" என்றார். அவருக்குப் பின்னாலும் ஒரு "ஆமா". முற்றம்வரை அது போனது. அல்டனின் முகத்துக்கு நேரே கில்கோரா வாயைத் திறந்து அட்ராக்டா கேட்டது அதுதான் முதல் தடவை.

அல்டன் இடது கையால் கோட்டுக்குள் துழாவிப் போனை எடுத்தார். சிக்னல் இல்லை. கில்கோராவில் எங்கே நின்றாலும் சிக்னல் கிடையாது, அதைப் பற்றியும் கோல்மன் ரேடியோவில் நிறையப் பேசியிருக்கிறார். அந்த வீட்டு முன்னறை ஜன்னலோரத்தில் மட்டும் எப்படியோ கொஞ்சம் கிடைக்கும்.

"ஜன்னலுக்கு வா" என்றார் மோஸி.

எம்.பி. ஜன்னலுக்குப் போனார். கையை விடாமல் அட்ராக்டாவும் போனாள். பெட்டியைச் சுற்றிக்கொண்டு இருவரும் கைகோத்து நடந்ததைப் பார்த்து, வேறு சமயமாக இருந்தால் கோல்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

போன் அடித்து அடித்து நின்றது. "எடுக்கல" என்றார் அல்டன், கொஞ்சம் நிம்மதியாகவே.

"மறுபடி அடிங்க" என்றாள் கன்செப்டா.

இரண்டாவது தடவை யாரோ எடுத்தார்கள். அல்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆமா, அந்த கில்கோரா பஸ்... தெரியும், தெரியும்... இல்ல, நாளைக்கு இல்ல, இப்பவே... சாவு வீட்ல இருக்கேன்... இல்லய்யா, நகர முடியாது, சொன்னாப் புரியாது... கையப் புடிச்சிருக்காங்க... யாரா? செத்தவரோட சம்சாரம்." நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "எழுத்துல குடுங்க. காலைல வரணும்." போனை வைத்தார்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் வரும்" என்றார். "அதுக்குள்ள எத்தன பேர் ஏறறாங்கன்னு பாத்துட்டு மேல யோசிப்பாங்க. சத்தியமா இவ்வளவுதான் இப்ப முடியும்."

அட்ராக்டா அவர் கண்ணைப் பார்த்தாள். ஆட்டின் தொண்டையில் மருந்து இறங்கியதும் கைக்குத் தெரியும். இறங்கிவிட்டது. கையை விட்டாள். அல்டனின் விரல்களில் அவள் பிடியின் தடம் வெள்ளையாக இருந்தது.

அவர் வழக்கப்படி அடுத்த ஆளிடம் நகர்ந்தார். அடுத்த ஆள் ஃபின்டன். அம்மா செய்ததை அவன் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் பிடித்தான்.

"என் சீட்டு?" என்று கேட்டான்.

"உன் சீட்டு உனக்குத்தான் ஃபின்டன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

"சரி. உள்ள டீ இருக்கு."

அப்புறந்தான் அட்ராக்டா உட்கார இடம் தேடினாள். மோஸி தன் நாற்காலியை நகர்த்தினார். கோல்மன் இறந்ததிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அடக்கப் பார்க்காமல் அழுதாள். இவ்வளவு நல்ல கதை, ரேடியோவில் சொல்ல அவர் இல்லையே என்றுதான் அதிகம் அழுதாள். வரிசை மறுபடி நகர ஆரம்பித்தது. நனைந்த கைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் எல்லாவற்றையும் பிடித்து, எல்லாவற்றையும் விட்டாள்.

அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை, பனிமூட்டத்தில் ஃபின்டனை அழைத்துக்கொண்டு நாற்சந்திக்கு நடந்தபோது, அங்கே கூட்டம் நிற்பதைப் பார்த்து அட்ராக்டா ஏதோ விபத்து என்று நினைத்தாள். கன்செப்டா நின்றிருந்தாள். "பல் டாக்டர்" என்றாள், கேட்காமலே. மோஸி நின்றிருந்தார். "கார் மக்கர் பண்ணுது." அவர் கார் மதுக்கடை வாசலில் கழுவித் துடைத்துப் பளபளவென்று நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. பட்டணத்தில் நூல் வாங்க ஒருவர், சும்மா காற்று வாங்க ஒருவர். பஸ்ஸுக்காக வந்தேன் என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கில்கோராக்காரர்கள் நல்ல காரியம் செய்து மாட்டிக்கொள்வதைவிடத் திருடி மாட்டிக்கொள்வார்கள்.

பஸ் வந்தது. அதில் ஏற்கெனவே அல்டன் ப்ரெஹனி இருந்தார். காரைப் பட்டணத்தில் விட்டுவிட்டு, ஒரு போட்டோக்காரரோடு பஸ் ஏறி வந்திருந்தார். கில்கோரா பஸ்ஸை மீட்ட எம்.பி. என்று பத்திரிகையில் படம் வர வேண்டாமா? வெளிச்சம் நன்றாக விழும் சீட்டில், டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரமாக உட்கார்ந்து, கையசைத்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்ததும் மொத்தக் கூட்டமும் ஏறியது. எண்ணிக்கையில் ஒரு தலை கூடக் குறையக் கூடாது என்ற வேகத்தில், முழங்கையால் இடித்துக்கொண்டு, ஓடிப்போய் உட்கார்ந்தார்கள். கூட்டத்தில் இடிபடப் பிடிக்காத ஃபின்டன், எல்லோரும் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்றுவிட்டுக் கடைசியாகப் படியில் கால் வைத்தான்.

"நில்லுப்பா" என்றார் டிரைவர், சங்கடத்தோடு. "எடமில்ல. நிக்க வச்சுக் கூட்டிட்டுப் போகக் கூடாது."

ஃபின்டனின் பஸ்ஸைக் காப்பாற்ற வந்த ஊர், ஃபின்டனைப் படியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தது. மோஸி, கன்செப்டா, நூல் வாங்குகிறவர், காற்று வாங்குகிறவர் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். ஃபின்டன் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவன் பார்த்தது ஒரே ஆளை.

"அது என் சீட்டு" என்றான். "ப்ராமிஸ் பண்ணீங்க."

அல்டன் போட்டோக்காரரைப் பார்த்தார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். அல்டன் எழுந்தார். படியிறங்கினார். ஃபின்டன் ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டான். கதவு மூடியது. பஸ் நகரும்போதே கண்ணாடி வழியாக மோஸியின் வாய் அசைவது தெரிந்தது. விரல் வேறு நீண்டிருந்தது. ரெஃபரியைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

நாற்சந்தியில் இருவர் மிஞ்சினார்கள். அல்டன் போனை எடுத்து உயரத் தூக்கிப் பார்த்தார், இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்த பஸ் எப்ப?"

"சாயங்காலம்" என்றாள் அட்ராக்டா. "ஃபின்டன் திரும்பி வர்ற பஸ்தான்."

"யாராவது கார்ல அந்தப் பக்கமா..."

"கார் வச்சிருக்கவங்கல்லாம் பஸ்ல போயிட்டாங்க அல்டன்."

அவர் ரோட்டின் இரு பக்கமும் பார்த்தார். பனிமூட்டத்தில் நான்கு ரோடும் ஒன்றுபோல வெறிச்சென்று கிடந்தன. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டார்.

"போன் பேசணும்னா எங்க வீட்டு ஜன்னல்தான், உனக்குத்தான் தெரியுமே" என்று அட்ராக்டா நடக்க ஆரம்பித்தாள். "வா, டீ போடறேன். கிறிஸ்மஸுக்கு அப்புறம் என்னன்னு சாயங்காலம் வரைக்கும் பேசுவோம்."

அல்டன் பின்னாலேயே நடந்தார். வீட்டு வாசல் வரை வலது கையை மட்டும் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.